எப்பா என்றால் அப்பா அல்ல

1

போன மாதம் என் தம்பி சாமிநாதன் மேலூரிலிருந்து வந்து சில நாள் எங்களோடு தங்கினான். எங்களைக் கையோடு அழைத்துப் போக வந்தவன், தனியாகத் திரும்பிப் போனான். ஊரில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "அண்ணனுக்குப் புத்தி பிசகிப்போச்சு. எல்லாக் காகிதமும் முடிஞ்சும் வரமாட்டேங்கறாரு." சொல்லட்டும். மேலூர்ப் பக்கம் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக என் பக்கத்து நியாயத்தையும் எழுதுகிறேன்.

பள்ளி இறுதி வகுப்புத் தேறிய கையோடு இலங்கைக்கு வந்தவன் நான். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றேன். துரை கையெழுத்துப் போடுவார். மற்றதையெல்லாம் பெரிய கிளாக்கர் செய்வார். இதுதான் அந்தப் பதவியின் விளக்கம். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இப்போது கந்தப்பளை கடைவீதிக்குப் பின்னால் குடியிருக்கிறோம். நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி பாக்கியம், எங்கள் ஒரே மகள் தனம்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடமே ஒரு சட்டம் வந்தது. தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர் அல்லர் என்று அது சொன்னது. அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்தது. அல்லர் என்று சொல்லப்பட்டவர்கள், ஆவோம் என்று விண்ணப்பிக்கலாமாம். எங்கள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்களுக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். எதற்கு எந்தச் சான்று, எந்தச் சான்றுக்கு யார் முத்திரை, அந்த முத்திரைக்காரர் காலையில் நல்ல மனநிலையில் இருப்பாரா, சாப்பாட்டுக்குப் பிறகா, எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் எழுதிக் கொடுத்தவர்களில் சிலருக்குக் குடியுரிமை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் சட்டம் பிறந்த வருடத்தில்தான் தனமும் பிறந்தாள். சட்டம் திருத்தங்களோடு செழிப்பாக வளர்ந்தது. தனம் உடம்பால் மட்டும் வளர்ந்தாள். இன்று அவளுக்குப் பதினேழு வயது. தாவணி போடுகிறாள், ரவிக்கைப் பொத்தானை அவள் தாய்தான் போட்டுவிட வேண்டும். அறிவு மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் அறிவு.

2

தனம் இரண்டு மொழி பேசுகிறவள் என்று சொன்னால் ஊரில் பெருமையாக நினைப்பார்கள். நடந்தது வேறு. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மொழி முழுதாக வந்து, பிறகு இன்னொன்று வரும். இவளுக்கு அரை மொழி தமிழிலும் அரை மொழி சிங்களத்திலுமாக வந்தது. இரண்டையும் ஒட்டினால்கூட ஒரு மொழியாகாது. ஆனால் ஒட்டினால்தான் அவள் வாழ முடியும்.

சோறு, பால், சாமி, தூக்கம் எல்லாம் தமிழ். தண்ணீர் 'வத்துர'. பூனை 'பூசா'. வலித்தால் 'ரிதெனவா'. மழை வந்தால் 'வஹினவா'. ஒன்றுக்கு ஒரு சொல்தான். மாற்றுச் சொல் கிடையாது. 'அம்மா' மட்டும் இரு மொழிக்கும் பொது. இந்த நாட்டில் தமிழும் சிங்களமும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று.

சிங்களச் சொற்களைக் கொடுத்தவள் சோமா. தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். பாக்கியம் நெடுநாள் நோயில் கிடந்தபோது சோமாதான் தனத்தைத் தன் பிள்ளைகளோடு வைத்து வளர்த்தாள். அந்தப் பிள்ளைகள் தங்கள் தகப்பனைத் 'தாத்தா' என்று கூப்பிட்டன. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அதைக் கேட்டு வளர்ந்த தனமும் என்னைத் தாத்தா என்றே கூப்பிட்டாள், இன்றும் கூப்பிடுகிறாள்.

அங்கே கிடைத்த இன்னொரு சொல் 'எப்பா'. சிங்களத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். தமிழில் 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. நமக்கு அது போதும். தனத்தின் நாக்குக்குப் போதவில்லை. அவள் வாயில் இரண்டும் 'வேனம்' என்றே வந்தன. சின்ன வயதில் 'வேனம்' என்று அழுவாள். பாக்கியம் இன்னும் ஒரு கரண்டி ஊட்டுவாள். பிள்ளை இன்னும் அழும். சோமா வீட்டில் 'எப்பா' கிடைத்த நாளிலிருந்து அந்த அழுகை நின்றது. உதடு மூடித் திறந்தால் போதும், வெடித்து வந்துவிடும். தனத்தின் சொற்களில் தெளிவானது அதுதான். பல வருடம் முயன்றும் 'வேணாம்' அவளுக்குப் பிடிபடவில்லை.

இங்கே அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. காலையில் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவேன். கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்து அவள் 'வஹினவா' என்றால், கடைக்காரர் வெளியே வைத்த வெங்காயச் சாக்கை உள்ளே இழுத்துவிடுவார். தனம் சொன்ன மழை பெரும்பாலும் வந்துவிடும். "கிளாக்கரய்யா, ரேடியோக்காரன் சொல்றதவிட நம்ம பாப்பா சொல்றது சரியா இருக்குங்க" என்பார். அவர் தமிழர். 'எப்பா' என்றால் கொடுத்த மிட்டாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார். யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

3

தனத்துக்கு எட்டு வயதிருக்கும்போது கண்டியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். யாழ்ப்பாணத்துக்காரர், மேல்நாட்டில் படித்தவர். தனத்தின் கண்ணைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், பேசச் சொல்லிக் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பாஷை கூடாது" என்றார். "தலையிலை இடமில்லை. ஒண்டை விடுங்கோ."

"எதை விடுறதுங்க?" என்று பாக்கியம் கேட்டாள்.

"அது உங்கட விருப்பம். ஒண்டு காணும்." ஒன்று போதுமாம்.

அதே வருடம்தான் அரசாங்கம் சிங்களம் மட்டும் போதும் என்று சட்டம் செய்தது. டாக்டர் எங்கள் வீட்டுக்கு எழுதிய மருந்தை அரசாங்கம் நாடு முழுவதற்கும் எழுதியது. எந்த மொழியை விடுவது என்பதில்தான் சிறு வேறுபாடு. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் என்று நாங்கள் முடிவு செய்தோம். சோமாவிடம் போய், இனி தனத்தோடு சிங்களம் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை; ஐயா என்பதற்கு 'மாத்தியா' என்பாள்.

"சரி மாத்தியா. நான் வாய மூடு" என்றாள்.

அவள் வாயை மூடினாள், தனமும் மூடினாள். தண்ணீர் கேட்கவில்லை, வலி சொல்லவில்லை. காதில் சீழ் வைத்து, தலையைச் சுவரில் முட்டிக்கொண்ட பிறகுதான் காது வலி என்று தெரிந்தது. அன்று பாக்கியம் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோமா வீட்டுக்குப் போய், "பேசு சோமா, நீ உன் பாஷையிலேயே பேசு. டாக்டரு கெடக்கட்டும்" என்றாள். பிறகு அந்த டாக்டரிடம் நாங்கள் போகவில்லை. அவர் கேட்டது ஒரு மொழியை விடச் சொல்லித்தான். தனத்திடம் விடுவதற்கு ஒரு மொழி இருந்தால்தானே?

4

என் குடியுரிமை விசாரணை அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. கச்சேரியில் நடந்தது என்று ஊருக்கு எழுதியபோது, யார் பாட்டு என்று கேட்டு என் மைத்துனர் பதில் போட்டார். இங்கே கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். அங்கே பாட்டும் உண்டு, பாடுகிறவர்கள் விண்ணப்பதாரர்கள்.

மனைவியும் பிள்ளையும் என்னோடு இங்கேயே வசிப்பவர்கள் என்று நான் காட்ட வேண்டும். தனத்தின் பிறப்புப் பதிவு தாமதமாகச் செய்யப்பட்டது. அதை உறுதி செய்து ஒப்பமிட்டவர் தோட்டத்துக் கிளாக்கர். அந்தக் கிளாக்கர் நான்தான். எனக்கு நானே சாட்சி சொன்னது செல்லாது என்று தள்ளிவிட்டு, பிள்ளையையே கேட்போம் என்றார்கள். விசாரணை அதிகாரி சிங்களவர். அலுவலக மொழி அப்போது ஆங்கிலம். எங்களுக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து, "பாப்பா, இவர் உனக்கு யாரு?" என்று கேட்டார்.

தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து, "கிராண்ட்ஃபாதர், சார்" என்றார்.

எனக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. அது வழக்குக்கு வசதியாகப் போயிற்று. அதிகாரியைப் பார்த்தேன். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். "ஐயா, அவள் சொன்னது சிங்களம். உங்களுக்கே தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆனால் வீட்டு மொழி தமிழ் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொல்வதைத்தான் நான் பதிய முடியும்."

விதிப்படி அது சரி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் பதிந்திருப்பேன். அதுதான் இன்னும் எரிகிறது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் நான் அவள் தகப்பன் என்று தெரியும், கோப்பைத் தவிர.

வெளியே வந்தபோது மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே வந்தார். "மனசுல வச்சுக்காதீங்கய்யா. தமிழ்ல கேட்டு இங்கிலீஸ்ல சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சிங்களம் என் வேலையில சேராதுங்க."

குடும்ப உறவு திருப்தியளிக்கும்படி நிரூபிக்கப்படவில்லை என்று மறுப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். மறுக்கப்பட்டவன் இந்தியாவுக்கு மனுப் போடலாம். போட்டேன். மனுக்களை எழுதி எழுதிப் பழகிய கை, சும்மா இருக்கவில்லை. எல்லாம் முடிந்து, ஹட்டனுக்கு வந்து உட்காரும் இந்திய அலுவலர் முன்னால் கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கியாக இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் சாமிநாதன் புறப்பட்டு வந்தான்.

5

ஒரு பெரிய டப்பா லட்டோடு வந்தான். தனத்தைப் பார்த்ததும் கண் கலங்கினான்; அது நடிப்பு அல்ல. ஒரு லட்டு கொடுத்தான், தின்றாள். இரண்டாவதை நீட்டினான்.

"எப்பா" என்றாள் தனம்.

சாமிநாதன் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் தகப்பனை 'எப்பா' என்று கூப்பிடுவதும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். "அண்ணே, பாருங்க! என்னைய எப்பாங்குதுண்ணே! சித்தப்பன்னாலும் அப்பன்தான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க!" என்று லட்டை அவள் வாயில் திணித்தான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மறுபடி எப்பா என்றாள்; அவன் மகிழ்ந்து போய் இன்னொன்றை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் தனம் அவன் வேட்டியிலேயே வாந்தி எடுத்தாள்.

பாக்கியம் துடைத்துக்கொண்டே, "அது வேணாம்னு சொன்னுச்சு தம்பி" என்றாள்.

"வேணாம்னு எங்க சொன்னுச்சு மதினி? எப்பா, எப்பான்னுல்ல சொன்னுச்சு?"

விளக்கினேன். வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதுவரை அது வேடிக்கைதான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அவன் வந்த காரியத்தை எடுத்தான். ஊரில் எங்களுக்கு வீடு பார்த்திருக்கிறான். அதோடு தனத்துக்கும் ஒரு இடம் பார்த்திருக்கிறான்.

"நல்ல எடம்ண்ணே. ரைஸ் மில்லு வச்சிருக்காரு. சம்சாரம் தவறிப்போச்சு. வீட்டோட ஒரு பொம்பளை வேணுங்கறாரு."

"இவளைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன். கொஞ்சம் மட்டுன்னேன். வாயாடாம இருந்தாச் சரின்னுட்டாரு."

பாக்கியம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவளுக்கு இன்னும் பொத்தான் போடத் தெரியாது தம்பி."

"அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு மதினி."

"அதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு."

"என்ன மதினி நீங்க, கல்யாணமானா எல்லாம் தெளிஞ்சிரும். எத்தனை பேரைப் பாத்திருக்கோம்" என்றவன், சூட்டைத் தணிக்க நினைத்தானோ என்னவோ, தனத்தின் பக்கம் திரும்பினான். "நாம என்னத்துக்கு அடிச்சுக்கணும்? பொண்ணையே கேட்டுருவோம். ஏந்தாயி, ஊருக்கு வந்து மில்லுக்கார மாமாவைக் கட்டிக்கிறியா?"

தனம் அவனைப் பார்த்தாள். லட்டு கொடுத்த கை என்பது நினைவிருந்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எப்பா" என்றாள்.

சாமிநாதன் தொடையில் தட்டினான். "பாத்தீங்களா! எப்பாவைக் கேளுங்குது! என்னா அடக்கம்! நம்ம ஊரு படிச்ச பொண்ணுக கூட இப்படிச் சொல்லாதுண்ணே!"

இந்தத் தடவை அதன் பொருள் அவனுக்குத் தெரியும். முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.

6

"சாமி, அவ மாட்டேங்கறா. உனக்கும் தெரியும்" என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். கெட்டவன் அல்ல என் தம்பி. நான் இங்கிருந்து அனுப்பிய பணத்தில் படித்தான் என்ற நன்றிக்காகவே இந்தக் கடலைத் தாண்டி வந்தவன். பொறுமையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, இங்க இருக்கிற வரைக்கும்தான் அது சிங்களம். கப்பலை விட்டு எறங்கிட்டா அது தமிழ்தானே?"

அதற்கு மேல் அவன் பேசியது என் காதில் ஏறவில்லை. அவன் சொன்னதில் தப்பே இல்லை. கப்பலை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து என் மகளின் ஒரே மறுப்பு, கொஞ்சலாகிவிடும். ஊட்டுகிறவனிடம் எப்பா என்பாள். அவன் மகிழ்ந்து இன்னும் ஊட்டுவான். கையைப் பிடித்து இழுப்பவனிடமும் அதையேதான் சொல்வாள், வேறு சொல் அவளிடம் இல்லை. வெளியே நின்று கேட்பவர்கள், பாசமான பெண், தகப்பனை நினைத்துக் கூப்பிடுகிறாள் என்பார்கள். என்னை அவள் கூப்பிட்டபோது பாட்டன் என்று எழுதிக்கொண்டது ஒரு நாடு. வேண்டாம் என்று அவள் கதறும்போது அப்பா என்று கேட்கப்போவது இன்னொரு நாடு. அது என் சொந்த நாடு.

"எனக்கு இது சரியா வராது சாமி. நாங்க வரலை" என்றேன்.

"கல்யாணம் வேணாம்னா விடுங்க. அதுக்காக ஊருக்கே வரமாட்டேன்னா எப்படி?"

"கல்யாணம் இல்லாட்டியும் அவ அந்தச் சொல்லைச் சொல்லிக்கிட்டுத்தானே இருப்பா? அங்க யாருக்குப் புரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல, எடுத்துச் சொல்ல?"

"எத்தனை நாளைக்கு?"

அவன் இதற்காகவே காத்திருந்தவன் போலப் பிடித்துக்கொண்டான். "அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். இங்கேயே இருந்தா, உங்களுக்கப்புறம் இதை யாரு பாப்பா? அந்தச் சிங்களத்தி பாப்பாளா?"

சோமா என்னைவிடச் சில வயதுதான் இளையவள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது தனத்துக்கு வாழைப்பழம் கொண்டுவந்து, "தூவே" என்று, அதாவது மகளே என்று, தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். அவளுடைய பெரிய மகன்தான் தனத்துக்குப் 'பூசா' என்று பூனையைக் காட்டியவன். இப்போது கொழும்பில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ஒருநாள் கடைத்தெருவில் எங்களைக் கண்டு, தன் கூட்டாளிகளுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட்டாளிகளில் ஒருவன் எங்கள் காதுபடக் 'கள்ளத்தோணி' என்றான்; திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்தவர்களாம் நாங்கள். தனம் சோமாவின் மகனைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். இதைச் சாமிநாதனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் கட்சிக்குப் பலமாகியிருக்கும்.

பாக்கியம்தான் பேசினாள். "பின்னால யாரு பாப்பாங்கறது தெரியாது தம்பி. எவனாச்சும் தொட்டா வேணாம்னு சொல்லத் தெரியுது அதுக்கு. அதைக் கேட்டு நகந்துக்க இங்க ஆள் இருக்கு. அதைப் பிடுங்கிட்டு நான் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்க போய் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

சாமிநாதன் புறப்படும் வரை கோபமாகத்தான் இருந்தான். ஊரில் மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டான். மில்லுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருப்பான் போலிருக்கிறது.

7

அவன் புறப்பட்டுப் போன வாரத்திலேயே, தனத்தையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். இந்திய அலுவலர் வரவில்லை. எழுத்தர் மட்டும் மேசையில் இருந்தார். நடுத்தர வயது; வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. மனுவைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடத்தான் எல்லாரும் வர்றாங்க. திருப்பி வாங்க ஒருத்தரும் வந்ததில்லீங்க ஐயா. காரணம் என்னான்னு போடட்டும்?"

"மகளுக்கு விருப்பமில்லைன்னு போடுங்க."

பேனாவை வைத்துவிட்டார். "புள்ளை மைனருங்க. அதோட..." தனத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். "அது விருப்பத்தைக் கேக்க விதியில எடமில்லீங்களே."

"இல்லைதான். நானும் முப்பது வருசத்துக்கு மேல விதியோட குடித்தனம் பண்ணினவன். போடுங்க."

அவர் என்னை விட்டுவிட்டு நேரே தனத்திடம் கேட்டார். "ஏன் தங்கச்சி, இந்தியாவுக்குப் போவலியா?"

"எப்பா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. பேனாவை எடுத்து எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். 'மகள் வேண்டாம் என்கிறாள்' என்று இருந்தது.

"சைன் வைங்க. இனிமே அந்தப் பக்கமும் உங்களுக்குப் பேரு இருக்காது, இந்தப் பக்கமும் இருக்காது. தெரியும்லங்கய்யா?"

"தெரியும்."

ஒப்பமிட்டேன். பாக்கியத்துக்கும் தனத்துக்கும் சேர்த்துத்தான். இந்த மனு எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். மேலதிகாரி பார்ப்பார், இது போதிய காரணமல்ல, வேறு காரணம் காட்டுக என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புவார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வரட்டும். என்னிடம் வேறு காரணம் இல்லை.